பானைக்குள் பேஸ் கிதார்

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. பாடகியைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரரைப் பார்ப்பார்கள், கரண்ட் போனால் ஜெனரேட்டர்காரரைக்கூடத் தேடிப் பார்ப்பார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. பார்க்காதவர்கள் குறையும் சொல்ல மாட்டார்கள். அந்த நிம்மதிக்கு உலை வைத்தது, எங்கள் லீடர் போஸ்டரில் போட்ட ஒரு வரி: "எண்பதுகளின் ராஜா பாடல்கள் - அதே சத்தம், அதே சுகம்!"

சுகத்துக்குப் பாடகர்கள் பொறுப்பு. சத்தத்துக்கு யார்?

"அண்ணே, அதே சத்தம்னா எந்தச் சத்தம்?" என்று கேட்டேன்.

"பழைய சத்தம்ப்பா. உனக்குத் தெரியாததா?" என்றார். லீடர்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அழகே அழகு.

மற்றவர்கள் பாட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இளையராஜா பாட்டில்தான் பிரச்சினை. அவருடைய எண்பதுகளில் பேஸ் கிதார் மூலையில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்காது. பாடகர் ஒரு வழியில் போக, அது தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு இன்னொரு வழியில் போய், சரணத்தின் முடிவில் வந்து சேர்ந்துகொள்ளும். 'நினைவெல்லாம் நித்யா' (1982) பாடல்களை ஒருமுறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால் தெரியும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ராஜா நோட்டேஷன் எழுதிக் கொடுப்பார். பேஸ் கிதாரில் அதைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். அதனால் மதுரைப் பக்கம் பேஸ் லைனை வாயாலேயே வாசிக்கும் ரசிகர்கள் உண்டு. மேடைக்குக் கீழே நின்று "தும்... துதும்... தும்" என்று எனக்குப் பாடம் எடுப்பார்கள்.

சத்தத்தைத் தேடும் படலம் கம்பியிலிருந்து தொடங்கியது. புதுக் கம்பி கணகணவென்று ஒலிக்கும். பழைய பாட்டுக்கு அது ஆகாது. மேற்பரப்பு வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி மாட்டினால் 'தும்' என்று அடங்கி வரும். அமெரிக்காவின் மோடவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றவே மாட்டார் என்பார்கள். இந்தத் தகவலை வீட்டில் சொன்னேன். என் இசை வாழ்க்கையில் மனைவி முழுமனதோடு ஏற்றுக்கொண்ட முதல் கலைக்கொள்கை அதுதான்.

அடுத்தது ஸ்பாஞ்ச். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினால் இழுவை குறைந்து சுரம் சட்டென்று அடங்கும். இது என் கண்டுபிடிப்பில்லை. அந்தக் காலத்து ஃபெண்டர் பேஸ்களில் கம்பெனியே மூடிக்குள் ஸ்பாஞ்ச் ஒட்டிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் ஸ்பாஞ்ச் இருந்த இடம் பாத்திரம் கழுவும் தொட்டி. கலைக்கொள்கை மீதான ஆதரவு அன்றோடு விலக்கிக்கொள்ளப்பட்டது.

பிறகு கோரஸ் பெடல். 1979-இல் பாஸ் கம்பெனி சிஇ-2 என்ற நீலப் பெட்டியைக் கொண்டுவந்தது. உள்ளே போகும் ஒலியை நகல் எடுத்து, நகலை இம்மி தாமதப்படுத்தி, சுருதியை லேசாக ஆட்டி, அசலோடு கலந்துவிடும். எண்பதுகளில் உலகமே இதில் மிதந்தது. நானும் மிதந்தேன். "தண்ணிக்குள்ள இருந்து வாசிக்கிறியா?" என்று ஆக்டோபேட் வாசிக்கும் தம்பி கேட்ட பிறகு கரையேறினேன்.

இதற்கிடையில் எங்கள் கீபோர்டுகாரர் வேறு சத்தம் போடாமல் ஒரு வேலை பார்த்தார். 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்த பிறகு பல ஊர்ப் பாடல்களில் பேஸ் வாசித்ததே கீபோர்டுதான் என்ற வரலாற்றை லீடரிடம் எடுத்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே இடது கையால் வாசித்தும் காட்டினார். வரலாறு தெரிந்தவர்கள் குழுவுக்கு ஆபத்து.

இவ்வளவுக்கும் பிறகு என் சத்தம் நன்றாகவே இருந்தது. ஹெட்போனில் அசல் பாட்டையும் என்னையும் மாற்றி மாற்றிக் கேட்டால் எனக்கே கண் கலங்கும். ஆனால் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் மேடையேறி வந்தார். "தம்பி, நல்லா வாசிக்கிறீங்க. ஆனா அந்தப் பழைய எஃபெக்ட் இல்லையே? அந்த ஒரு இடத்துல மட்டும் கும்முனு ஏறும் பாருங்க, அது வரல."

"நீங்க இந்தப் பாட்ட எதுல கேட்டீங்க ஐயா?"

"நம்ம சலூன்ல. பானை ஸ்பீக்கர்."

அந்த இரவில் எனக்கு ஞானம் பிறந்தது. நான் தேடிக்கொண்டிருந்தது சாலிகிராமம் பிரசாத் ஸ்டுடியோவில் பதிவான சத்தம். தமிழ்நாடு அதை எங்கே கேட்டது? பேஸ் கிதாரின் நான்கு கம்பிகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸில் தொடங்கி 98 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரின் உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஆழம் எட்டாது. அதனால்தான் நம் ஆட்கள் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் வைத்துக் கட்டினார்கள். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்தால் கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பானை பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கும். கூடவே, ஒவ்வொரு பானைக்கும் தனக்கென ஒரு சுரம் உண்டு. பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் பானை தானும் சேர்ந்து பாடும். பெரியவருக்குக் கும்மென்று ஏறிய அந்த ஒரு இடம் ராஜா எழுதியதல்ல. ஊர்க் குயவர் எழுதியது.

பானை மட்டுமா? அப்போதெல்லாம் பிடித்த பாட்டுப் பட்டியலை எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தால், சி-60 கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைக்காரர் தன் ரசனைப்படி ஈக்வலைசரில் பேஸை ஏற்றிவிடுவார். அந்த கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பேட்டரி இறங்கினால் வேகமும் சேர்ந்து இறங்கும், பாடகி பாடகராகிவிடுவார். அப்படியே கேட்டுப் பழகியவர்கள் இன்றும் எங்களிடம் வந்து, "ஒரிஜினல் ஸ்கேல் இதில்லையே" என்கிறார்கள். தனியார் பஸ்ஸில் கேட்டவர்களுக்கோ டீசல் இன்ஜின் உறுமலும் பேஸில் சேர்த்தி. அசல் என்பது சீப்பிலிருந்து பிரிந்த வாழைப்பழம் மாதிரி ஆளுக்கு ஒன்றாகப் போயிருக்கிறது.

ஆகவே புது ஏற்பாடு செய்தேன். கச்சேரி புக் செய்ய வருபவர்களிடம் லீடர் அட்வான்ஸ் பேசி முடித்ததும் நான் போய் உட்காருவேன். "எண்பதுகள்ல பாட்டு எதுல கேட்டீங்க?" பஸ் என்றால் சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக வைப்பேன். டீக்கடை என்றால் நடுச்சுரங்களைத் தூக்குவேன். சலூன் என்றால் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ஈக்வலைசரில் ஏற்றி வைப்பேன். எந்தச் சுரம் என்று அந்த ஊர்ச் சலூன் பானையைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றேன். லீடர் பெட்ரோல் செலவு தர மறுத்துவிட்டார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அறுபதாம் கல்யாணத்துக்கு எங்களை புக் செய்ய வரும்வரை.

"எதுல கேட்டீங்க சார்?"

"டிரான்சிஸ்டர்ல. சிலோன் ஸ்டேஷன்."

"பேஸ் எப்படி இருக்கும்?"

"பேஸா? அப்படி ஒண்ணு நான் கேட்டதே இல்லையே."

சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுரம் வராவிட்டாலும், அதன் மேல்சுரங்களை வைத்தே மூளை அடிச்சுரத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும் என்ற அறிவியல் உண்மையை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்க மூளை அதெல்லாம் செய்யலைங்க" என்றார். "எனக்கு அந்த டிரான்சிஸ்டர்ல எப்படிக் கேட்டுச்சோ அப்படியே இருந்தாப் போதும்."

கொள்கைப்படி பார்த்தால் அந்தக் கச்சேரியில் நான் வாசிக்கவே கூடாது. வாசித்தால் போஸ்டர் பொய்யாகிவிடும். இதை லீடரிடம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வந்தவரை வழியனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பி, அக்கறையாகக் கேட்டார்:

"சிலோன் ரேடியோ கேட்டவங்க நம்ம ஜில்லால எவ்வளவு பேர் இருப்பாங்கப்பா?"