பன்னிரண்டாவது ஆளின் முழங்கால்

டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்று ஓர் ஊர். ஸ்டேஷனில் இப்போது பயணிகள் ரயில் எதுவும் நிற்பதில்லை. காலேஜ் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. பயிரும் இயந்திரமும் சொல்லிக்கொடுக்க 1876-இல் தொடங்கிய டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம்தான் அந்தக் காலேஜ். கோவையில் வேளாண் துறையில் வருடக்கணக்காக வேலை பார்த்த என் மனைவி, மண்ணைப் பற்றி மேலே படித்தே தீருவேன் என்று இங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். நான் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் என்றால் அவருக்கு மாணவர் டிக்கெட், எனக்கு மாணவரின் விருந்தாளி டிக்கெட். என் முழங்காலுக்குப் பிடித்த சனி அந்த இரண்டாவது டிக்கெட்தான்.

மாணவர் பகுதியில் யாரும் உட்காரக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. சட்டமாக இருந்தால் யாராவது மீறியிருப்பார்கள், இது மரபு. உட்காரப் பலகை இருக்கிறது, அதன்மேல் பை வைத்துக்கொள்ளலாம். தேசிய கீதத்துக்கு எழுந்தவர்கள் எழுந்தவர்கள்தான். கடிகாரக் கணக்கில் ஆட்டம் அறுபது நிமிடம். ஆனால் பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும், நடுவர் கொடி வீசினால் நிற்கும், விளம்பரதாரர் தும்மினால் நிற்கும். அறுபது நிமிடம் முடிய மூன்றரை மணி நேரம் ஆகிறது. கடிகாரம் நிற்கும்போதெல்லாம் நாமும் சேர்ந்து நிற்கிறோம்.

இத்தனைக்கும் காரணம் ஈ. கிங் கில் என்கிற மாணவர். 1922 ஜனவரி 2, டல்லாஸ். எதிரணி சென்டர் கல்லூரி. சில மாதங்களுக்கு முன்புதான் ஹார்வர்டையே கவிழ்த்திருந்த அணி. ஏ அண்ட் எம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியே வர, பயிற்சியாளர் டி. எக்ஸ். பைபிளுக்கு வயிற்றைக் கலக்கியது. கில் முன்பு அணியில் இருந்து கூடைப்பந்துக்காக விலகியவர். அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களுக்கு ‘இவர் இன்னார், அவர் இன்னார்’ என்று ஆள் அடையாளம் சொல்ல மேலே உட்கார்ந்திருந்தார். பைபிள் ஆள் அனுப்பினார். கில் இறங்கி வந்து, அடிபட்ட ஒருவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு கோட்டோரம் நின்றார். ஆட்டம் முடியும்வரை நின்றார். ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. கில் களத்தில் கால் வைக்கவே இல்லை.

ஒன்றுமே செய்யாமல் நின்ற மனிதருக்கு அரங்கத்து வாசலில் சிலை வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் இறங்கத் தயாராக நின்றாரே, அதுதான் பெரிது என்பது இவர்கள் வாதம். களத்தில் பதினொரு பேர், பன்னிரண்டாவது ஆள் மாணவர் கூட்டம். ஆகையால் பயிற்சியாளர் எந்த நிமிடமும் நம்மைக் கூப்பிடலாம். ஐம்பது தாண்டிய, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற, அந்தப் பந்தைக் கையால் தொட்டே பார்க்காத என்னையும் கூப்பிடலாம். அப்படிக் கூப்பிட்டால் அணியின் நிலைமை எவ்வளவு மோசம் என்று யோசித்தபடி நிற்கிறேன்.

‘பன்னிரண்டாவது ஆள்’ என்ற பெயரை 1990-இல் வணிக முத்திரையாகவும் பதிவுசெய்துவிட்டார்கள். சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி அதே பெயரைத் தன் ரசிகர்களுக்குச் சூட்டியதற்கு 2006-இல் வழக்கு. கடைசியில் சியாட்டில் ஒரு லட்சம் டாலரைக் கொடுத்து, வருடா வருடம் உரிமத் தொகையும் கட்டச் சம்மதித்தது. சும்மா நிற்பதற்கு லைசென்ஸ் கேட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அரங்கத்தின் பெயர் கைல் ஃபீல்ட். லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும். எட்வின் ஜாக்சன் கைல் தோட்டக்கலைப் பேராசிரியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டக்கலை ஆய்வுக்கென்று தன் பொறுப்பில் இருந்த நிலத்தில் ஒரு துண்டை வேலி போட்டு விளையாட விட்டுக்கொடுத்தார். எனக்கு அவருடைய தாராளம் பிடித்திருந்தது. மனைவிதான், “அது சரிங்க, அங்க வெச்சிருந்த செடியெல்லாம் என்னாச்சு?” என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை இங்கே ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை நள்ளிரவே வேலை தொடங்கிவிடும். ஆட்டக்காரர்கள் போர்த்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் பார்வையாளர்கள் அரங்கத்தில் கூடிப் பயிற்சி எடுக்கிறார்கள். கத்துவதற்குப் பயிற்சி. மற்றக் கல்லூரிகளில் இருக்கிற சியர்லீடர்கள் இங்கே கிடையாது. வெள்ளை உடை போட்ட ஐந்து ‘யெல் லீடர்கள்’ இருக்கிறார்கள். மூன்று பேர் கடைசி வருடம், இரண்டு பேர் அதற்கு முந்தின வருடம். மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சொந்த மண்ணில் அணி ஜெயித்தால், முதலாண்டு ராணுவப் பயிற்சி மாணவர்கள் இந்த ஐந்து பேரையும் துரத்திப் பிடித்து வளாகத்துக் குளத்தில் போடுகிறார்கள். ஓட்டு வாங்கி ஜெயித்தவரைத் தண்ணீரில் தள்ளும் உரிமை வாக்காளருக்கு இருக்கிற ஜனநாயகம் இது. மற்ற தேர்தல்களுக்கும் இதைப் பரிசீலிக்கலாம்.

நள்ளிரவுப் பயிற்சியின் முடிவில் விளக்கை அணைப்பார்கள். ஜோடியோடு வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும். ஜோடி இல்லாதவர் லைட்டரைக் கொளுத்தித் தூக்கிப் பிடித்தால், இன்னொரு லைட்டர் அவரைத் தேடி வரும். ஜாதகம் இல்லை, தரகர் இல்லை, அக்னி சாட்சி மட்டும் இருக்கிறது.

ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு கைஜாடை உண்டு. கீழே யெல் லீடர் காட்டியதை முன்வரிசை பின்வரிசைக்குக் காட்ட, ஜாடை மாடி மாடியாக மேலே ஏறும். பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றிக் கத்துவார்கள். அடிவயிற்றிலிருந்து சத்தம் வர அதுதான் வசதியாம். புது மாணவர்களுக்கு இதையெல்லாம் பழக்க, கல்லூரி திறக்கும் முன் நான்கு நாள் முகாமே நடக்கிறது. நான் முகாமுக்குப் போகவில்லை. ஆனாலும் குனிவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டாம் கால்பகுதிக்குப் பிறகு எப்போதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுற்றியிருக்கும் பிள்ளைகள் என் ஈடுபாட்டைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

கத்தலைக்கூடச் சமாளித்துவிடலாம். நம் அணி புள்ளி எடுத்தால் பக்கத்திலிருக்கும் துணைக்கு முத்தம் தர வேண்டும் என்று ஒரு மரபு இருக்கிறது. முதல் டச்டவுன் விழுந்ததும் எங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மரபைக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். நாங்கள் கல்யாணமாகிப் பல வருடமான கோயம்புத்தூர்த் தம்பதி. மனைவி நேராகப் பார்த்தபடியே, “ஏனுங்க, வேற எங்கயாச்சும் பார்த்துட்டு இருங்க” என்றார். ஸ்கோர்போர்டைப் பார்த்தேன். அதில் அதையே இன்னும் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை மன்னிக்க மாட்டார். அவர் 1971-ஆம் வருட வகுப்பு. இங்கே பழைய மாணவர்கள், நாம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவதுபோல, பெயருக்குப் பின்னால் வகுப்பு வருடத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். நாயின் பெயர் ரெவெய்லி. 1931-இல் சில மாணவர்கள் காரில் திரும்பும்போது வழியில் ஒரு நாய்மேல் மோதிவிட்டு, வைத்தியம் பார்க்கத் தூக்கி வந்தார்கள். மறுநாள் விடியற்காலை மாணவர்களை எழுப்பும் ஊதல் ஒலித்ததும் நாய் குரைத்தது. அந்த ஊதலின் பெயரே அதற்கு வாய்த்தது. இப்போது இருப்பது பத்தாவது ரெவெய்லி, கோலி இனம். மாணவர் ராணுவப் படையில் எல்லோருக்கும் மேலான பதவி. அதற்கான ஐந்து வைரச் சின்னமும் உண்டு. இளம் மாணவர்கள் விறைப்பாக நின்று ‘மிஸ் ரெவ், மேடம்’ என்றுதான் பேச வேண்டும். மாணவனின் கட்டிலில் அது ஏறிப் படுத்துவிட்டால் மாணவனுக்குத் தரை. வகுப்பில் குரைத்தால் பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது மரபு. பாடம் போரடிக்கிறது என்று மேலதிகாரியே சொன்ன பிறகு வேறென்ன செய்வது?

இறந்துபோன ரெவெய்லிகளை அரங்கத்தின் வடக்குப் பக்கம், ஸ்கோர் தெரிகிற மாதிரி பார்த்துப் புதைத்திருக்கிறார்கள். பிறகு அரங்கத்தை விரித்துக் கட்டியபோது பார்வை மறைந்துவிட்டது. சும்மா விட்டார்களா? கல்லறைகளுக்கு எதிரே, நாய்களுக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்கோர்போர்ட் வைத்தார்கள். விஞ்ஞானமும் பொறியியலும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில்தான் இது. அணி ஆடிய சில ஆட்டங்களுக்கு, இறந்தவர்களையாவது நிம்மதியாக விட்டிருக்கலாம் என்பது பெரியவரின் கருத்து.

நாய்க்கு இவ்வளவு மரியாதை என்றால், எதிரியின் மாட்டுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம்தான் பரம்பரைப் பகை. 1915-இல் ஏ அண்ட் எம் அவர்களை 13-0 என்று வென்றது. அடுத்த வருடம் ஆஸ்டின்காரர்கள் நீளக் கொம்பு மாடு ஒன்றைக் கொண்டுவந்து பீவோ என்று பெயரிட்டுச் சின்னமாக்கினார்கள். 1917-இல் ஏ அண்ட் எம் ஆட்கள் சிலர் இரவோடு இரவாகப் போய் அதன் விலாவில் ‘13-0’ என்று சூடு போட்டுவிட்டு வந்தார்கள். ஆஸ்டின்காரர்களுக்கு மாட்டை வைத்துத் தீனி போடுவது கட்டுப்படியாகவில்லை. 1920 ஜனவரியில் ஃபுட்பால் விருந்துக்குப் பீவோவையே சமைத்துவிட்டார்கள். விருந்துக்கு எதிரிகளையும் அழைத்தார்கள். சூடு போட்ட பக்கத்து இறைச்சியை அவர்கள் தட்டில் வைத்து, 13-0 தெரிகிற தோலையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பகையாளியை இதைவிட மரியாதையாக அவமானப்படுத்த முடியாது. பிறகு வந்த பீவோக்களை யாரும் பசியோடு பார்க்கவில்லை என்பது ஆறுதல்.

இந்தப் பகையின் மிச்சம் பாட்டிலும் இருக்கிறது. போர்ப்பாட்டு முடியும் இடத்தில், அரங்கமே தோளில் கைகோத்துக்கொண்டு, டெக்சாஸின் கொம்பை ரம்பத்தால் அறுக்கிற பாவனையில் இப்படியும் அப்படியும் சாயும். மேல்மாடி உண்மையாகவே ஆடும். கட்டட இயல் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகமாகச் சாய்கிறார்கள். டெக்சாஸோடு ஆடும் ஆட்டத்துக்கு முன்னால் வளாகத்தில் பிரம்மாண்டமாக மரம் அடுக்கிக் கொளுத்தும் வழக்கமும் இருந்தது. 1999 நவம்பர் 18 விடியற்காலை அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தார்கள். பல்கலைக்கழகம் அதோடு அதை நிறுத்தியது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மற்றக் கல்லூரிகளின் மரபுகளைப் பெரியவர் மரபாகவே ஒப்புக்கொள்வதில்லை. தென் கரோலினாவில் கிளெம்சன் ஆட்டக்காரர்கள் ஒரு கல்லைத் தடவிக் கும்பிடாத குறையாக மேட்டிலிருந்து ஓடிவருவார்கள். அந்தக் கல் அதற்கு முன் பயிற்சியாளர் ஃபிராங்க் ஹோவர்டின் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. “கதவு என்ன ஆயிற்று?” என்றார் பெரியவர். அலபாமாவில் ஆபர்ன் ஜெயித்தால் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்கள்மேல் கழிவறைக் காகிதச் சுருள்களை வீசுவார்கள். 2010-இல் எதிரணி ரசிகர் ஒருவர் அந்த மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டு, வானொலிக்குத் தானே போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார். பிறகு சிறைக்குப் போனார். பழைய மரங்களை 2013-இல் வெட்ட வேண்டியதாயிற்று. இதைக் கேட்ட நாள் என் மனைவி அவ்வளவு தமிழ் வசவுகளை எங்கே சேர்த்துவைத்திருந்தார் என்று எனக்கே ஆச்சரியம். அயோவாவில் 2017 முதல், முதல் கால்பகுதி முடிந்ததும் அரங்கம் முழுவதும் திரும்பி, பக்கத்திலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடியைப் பார்த்துக் கையசைக்கிறது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து பதிலுக்குக் கையாட்டுகிறார்கள். இதற்கு மட்டும் பெரியவர் குறை சொல்லவில்லை.

ஏ அண்ட் எம் தோற்பதே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011-க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சாஸ் ஆட்டம் 2024 நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் மறுபடி நடந்தது. டெக்சாஸ் 17, ஏ அண்ட் எம் 7. நாய்களின் ஸ்கோர்போர்டிலும் அதேதான். மறுநாள் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு பெரியவர் வீட்டுக்குப் போனேன். “தோற்கவில்லை, நேரம் போதவில்லை” என்றார். இது அவருடைய சமாளிப்பு இல்லை, ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆட்டம் கைவிட்டுப் போன பிறகும் மாணவர்கள் கலைவதில்லை. அடுத்த ஆட்டத்துக்கான கத்தல் பயிற்சியை அங்கேயே நின்றபடி ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். மெரூன் சட்டை போடுங்கள், ஆரஞ்சு நிறம் பக்கமே போகாதீர்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான் எடுத்துப் போகலாம். மாணவர் பகுதி விருந்தாளி டிக்கெட்டை யாராவது அன்பாக நீட்டினால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, காசு போனாலும் பரவாயில்லை என்று பழைய மாணவர்கள் பக்கம் வாங்குங்கள். அங்கே அவ்வப்போது உட்காரலாம். முத்த விஷயத்தை மட்டும் வீட்டிலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் புறப்படுங்கள்.