கண் படாத நட்டம்

இலங்கையில் எங்கள் கடற்கரை ஊரான உடப்பில் மீன்பாட்டைக் கேட்டு உண்மையான விடை வாங்கியவர் எவருமில்லை. கரைவலையின் மடி கரையேறி, மணலெல்லாம் நெத்தலியாகக் கொட்டிக் கிடக்கும். "எப்படி?" என்றால், "ஏதோ, கறிக்குக் காணும்" என்பார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. எழுபதுகளின் தொடக்கத்தில், அப்படிச் சொன்ன ஒருவரின் நெத்தலிக் குவியலுக்குள் நான் முழங்கால் புதைய நின்றிருக்கிறேன்.

வெறும் மடி வந்த நாளிலும் விடை அதுதான். நிறையக் கிடைத்தது என்றால் கண் படும். ஒன்றும் இல்லை என்றாலோ கடைக்காரர் கடன் கொப்பியை மூடிவிடுவார். முதலாவதற்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதற்குப் பரிகாரம் கிடையாது.

என் மாமாவுக்குக் கடலோடு, முந்தல் களப்புக்கு அப்பால் இரண்டு ஏக்கர் வயலும் இருந்தது. மழையை நம்பிய வயல். கடற்கரைப் பேச்சையே அவர் அங்கும் கொண்டுபோனார். கார்த்திகை வெள்ளத்தில் பயிர் அழுகிக் கிடக்க, விதானையார் வரப்பில் நின்று, "என்ன, பாதி போச்சா?" என்று கேட்பார். "சே, கால்வாசிதான்." (விதானைப் பதவி 1963இலேயே போய்க் கிராம சேவகர் வந்துவிட்டார். ஊர் வாய்க்கு அது எட்ட இன்னும் பல வருடங்கள் ஆயின.) உண்மைக் கணக்கு மாமியின் குசினிச் சுவரில் இருந்தது, மூட்டைக்கு ஒரு கரிக்கோடாக. அடுப்புப் புகை அதையும் மெல்ல மெல்ல மறைத்துக்கொண்டிருந்தது.

அரசாங்கம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. நெல்லுக்கான காப்புறுதியை 1958இலேயே பரீட்சித்துப் பார்த்தார்கள். 1961இல் சட்டம் வந்தது. 1973இல் இன்னொரு சட்டமும் அதற்கென ஒரு சபையும் வந்தன. மாமாவுக்குக் காப்புறுதி என்றால் ஆள் செத்த பிறகு வீட்டுக்கு வரும் காசு. "விதைக்க முதலே பயிருக்குச் சாவுச்சீட்டா?" என்று கேட்டார். அந்தப் பேச்சை மாமி வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லை.

எங்களுக்கிருந்த காப்புறுதிக்குப் பெயர் பங்கு. வலை இழுத்தவனுக்குப் பங்கு, காய்ச்சலில் கிடந்தவன் வீட்டுக்கு ஒரு கூறு, திரௌபதை அம்மனுக்கு அவளுடையது. அதற்குப் படிவம் கிடையாது. சம்மாட்டிக்குப் பிடிக்காதவனுக்குக் கூறும் கிடையாது. பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். சபை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையாகிவிட்டது. 2018இலிருந்து நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் என்ற ஆறு பயிர்களுக்குக் கட்டணமில்லாத காப்புறுதி: ஏக்கருக்கு 40,000 ரூபாய் வரை, வெள்ளம், வரட்சி, காட்டு யானை மூன்றுக்கும். எங்கள் கரையில் யானையைவிட நண்டு அதிகம். அதனால் யானை வரியைப் படித்து ஊரே சிரித்தது.

நெத்தலி அந்த ஆறில் இல்லை. 1990இல் வந்த மீனவர் ஓய்வூதியத் திட்டம் இதே சபையின் கையில்தான் கொடுக்கப்பட்டது. அதாவது, கடலில் உழைத்தவனுக்கு வயதாவதைக் கணக்கிடத் தெரியும். கடல் தராமல் போனதைக் கணக்கிட ஒரு அலுவலர் கரைக்கு வந்து நான் கண்டதில்லை. வந்தாலும் சம்மாட்டி என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதானே.

எங்கள் மூதாதையர் தோணியேறிய இராமேஸ்வரக் கரைப் பக்கம் வேறொரு கணக்கு. அங்கே 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், குலுக்கல் முறையில் சில வயல்களைத் தெரிந்து, சிறு சதுரத்தை அறுத்து நிறுத்து, அந்தச் சராசரியை ஊர் முழுவதற்கும் வைக்கிறார்கள். விளைச்சல் கணக்குக்கு உன்னை யாரும் கேட்பதில்லை. மாமா அங்கே பிறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை புத்தளம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, அந்த இரண்டு ஏக்கரும் களப்போடு களப்பாயின. வயல் இப்போது மாமாவின் மகன் கையில். மச்சான் காலத்துக்கேற்ற ஆள். வெள்ளத்தைக் கைத்தொலைபேசியில் எல்லாத் திசையிலிருந்தும் பிடித்து வைத்திருந்தான், கலியாண வீட்டுப் படங்களைப்போல. நீர் வடிந்த பிறகு ஒரு அலுவலர் வந்தார். நல்ல மனிதர், சப்பாத்தெல்லாம் சேறு. படங்களைப் பார்த்தார், வயலையும் நடந்து பார்த்தார், பிறகு வீட்டுத் திண்ணையில் இருந்து படிவத்தை விரித்தார்.

"வழமையா ஏக்கருக்கு எத்தனை புசல் எடுப்பீங்க?"

மச்சான் வாயைத் திறந்தான். அறுபது என்றுதான் சொல்லவந்தான், அது எனக்குத் தெரியும். அதற்குள் குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. எண்பது தாண்டியும் அந்தக் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"டேய், குறைச்சுச் சொல்லு. கண் படும்."

அலுவலர் பேனையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பது, சேர்" என்றான் மச்சான்.