சதுக்கப் பூதம் பதில்கள்

இந்த வாரம் மூட்டையைப் பிரித்தால் உள்ளே எல்லாமே மேடைச் சிரிப்புக் கேள்விகள். நெல் ஈரப்பதம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும். ஈரப்பதம் அதற்குள் குறைந்துவிடாது.

ஜி.எஸ்., சீர்காழி: தமிழின் முதல் ஸ்டாண்ட்-அப் காமெடியன் யார்?

காளமேகம். அப்பீல் கிடையாது. காலம் 15-ஆம் நூற்றாண்டு, பிறந்தது கும்பகோணம் பக்கம் என்பார்கள். நம்ம ஜில்லாக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான்.

மனிதர் ஒருநாள் பசியோடு நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் போய் உட்கார்ந்தாராம். முன்னாளில் ஸ்ரீரங்கம் மடப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்று கதை. சமையல்காரனைப் பட்டினி போட்டால் என்ன ஆகும்? இன்றைக்கு நாமென்றால் போனை எடுத்து ஒற்றை ஸ்டார் குத்திவிட்டு ஓட்டலைத் தேடுவோம். அவர் வெண்பா குத்தினார். பொழுது சாய்ந்தால்தான் இங்கே அரிசியே வந்து இறங்கும். களைந்து உலையில் போடுவதற்குள் ஊர் படுத்துவிடும். இலையில் முதல் அகப்பை விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். சரக்கு இவ்வளவுதான். சத்திரக்காரருக்கு முகம் செத்துவிட்டது, கெஞ்சினார். அங்கேதான் வித்தை! ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார் காளமேகம். பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து இறங்கும். உலை வைத்தால் ஊர்ப் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மையைப் பார்த்து வானத்து வெள்ளி நாணும். திட்டும் அதுவே, பாராட்டும் அதுவே. ஜோக் சொல்லி எஃப்.ஐ.ஆர். வாங்குகிற இன்றைய பிள்ளைகள் இவரிடம் டியூஷன் போயிருக்க வேண்டும். இந்தப் பூதத்தின் கவலை வேறு: இரண்டாவது உரை முடிவதற்குள்ளாவது சோறு வெந்ததா?

பி., மயிலாடுதுறை: நீங்கள் எப்போதாவது சிரிப்பதுண்டா?

கொள்முதல் நிலையத்தில் ‘17 சதவீதத்துக்கு மேல் ஈரம்’ என்று மழையில் நனைந்துகொண்டே சொல்வார்கள். அப்போது.

கே.வி., கும்பகோணம்: அலெக்சாண்டர் பாபுவின் நிகழ்ச்சியைப் பார்த்தேன். பாதி நேரம் பாடுகிறார். இது கச்சேரியா, காமெடியா?

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா ஐயா இது? உங்கள் தாத்தா உயிரோடு இருந்தால் தலையில் குட்டியிருப்பார். அதற்குப் பெயர் கதாகாலட்சேபம்!

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676-இல் வந்தது. பின்னாலேயே மராத்தி கீர்த்தனும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதற்குத் தமிழ் உடம்பு கொடுத்தார். கையில் சிப்ளாக்கட்டை. ஒரு பாட்டு, நடுவில் கதை, கதைக்குள் உபகதை, உபகதைக்குள் ஊர் வம்பு, ஊர் வம்புக்கு நடுவே முன்வரிசையில் கொட்டாவி விடுகிற மிராசுதாருக்கு ஓர் இடி. பிறகு நூல் பிசகாமல் மறுபடி பாட்டு. 2019-இல் அமேசான் பிரைமில் வந்த ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ பாருங்கள். தெய்வங்களின் இடத்தில் பின்னணிப் பாடகர்கள், மற்றபடி அச்சு அசல் அதே வண்டி. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு வந்த மனிதர் வேறு. பாகவதர் ஆவதற்கு முன்னால் எதையாவது துறக்க வேண்டும் அல்லவா?

இந்தப் பாதையில் இவருக்கு முந்தியவரும் உண்டு. மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரம் பாடினார். என்.எஸ். கிருஷ்ணன் அதே அச்சில் கிந்தனாரை வார்த்தார். 1949-இல் ‘நல்லதம்பி’ படத்தில் பார்க்கலாம். நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை, கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. சாதியைச் சொல்லி ஒதுக்கியவர்களை உட்கார வைத்துச் சிரிக்கவும் வைத்தார். அந்த உயரத்தை இன்றைய மேடை இன்னும் தொடவில்லை என்பது பூதத்தின் தீர்ப்பு.

என்., சிதம்பரம்: என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஸ்டாண்ட்-அப் போகிறேன் என்கிறான்.

முடித்துவிட்டான் அல்லவா? கல்வித் தகுதி சரியாக இருக்கிறது.

எஸ்.ஏ., தரங்கம்பாடி: ‘ஆல்டர்னேட்டிவ் காமெடி’ என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

லண்டன். 1979 மே மாதம் சோஹோவில் ‘காமெடி ஸ்டோர்’ என்று ஒரு கடை திறந்தார்கள். அலெக்ஸி சேல் என்ற மொட்டைத்தலைக் கோபக்காரர் தொகுப்பாளர். அதுவரை அந்த ஊர் கிளப்புகளில் மாமியார், அயர்லாந்துக்காரன், கறுப்பர் என்று மூன்று அடுப்பிலேயே சிரிப்பு வெந்துகொண்டிருந்தது. இந்தக் கூட்டம் மூன்றையும் அணைத்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கியது. அதே மே மாதம்தான் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். அப்புறம் சரக்குக்குக் கேட்க வேண்டுமா?

நம் ஊருக்கு வருவோம் (எப்படியும் இங்கேதான் வருவேன் என்று தெரிந்துதானே கேட்டீர்கள்). பட்டிமன்ற மேடை. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா? நடுவர் தொண்டையைக் கனைத்ததும் பூரிக்கட்டை புறப்பட்டுவிடும். வருஷக்கணக்காகக் கேட்கிறேன், அந்தக் கட்டையால் யாராவது பூரி தேய்த்ததாக ஒரு ஜோக்காவது உண்டா? தொல்காப்பியர் நகை பிறக்கும் இடம் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பூரிக்கட்டை பட்டியலில் இல்லை.

டி.எம்., பொறையாறு: பெண்கள் மேடையேறினால் சிரிப்பு வருமா?

2020-இல் ‘காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா’ நிகழ்ச்சியை மெர்வினோடு சேர்ந்து நடத்திய சியாமா ஹரிணியைப் பாருங்கள். சிரிப்பு வரவில்லையென்றால் பல் டாக்டரைப் பாருங்கள்.

எல்., திருவெண்காடு: பொய்ச்சாட்சி சொல்பவரைக் கயிற்றால் கட்டி அடிக்கும் பூதமே, ‘நேற்று எனக்கு நடந்தது’ என்று காமெடியன்கள் அளப்பதும் பொய்தானே?

என் பட்டியலில் போலித் தவசி உண்டு, புறங்கூறுகிறவர் உண்டு, பிறன் மனைவியை நாடுகிறவர் உண்டு. ‘நேற்று ஆட்டோவில் வரும்போது’ என்று ஆரம்பிப்பவர் இல்லை. தவிர, பூம்புகாரில் இருந்த என் சதுக்கமே கடலுக்குள் போய்விட்டது. கயிறும் ஊறிப்போயிற்று.

ஆர்., பூம்புகார்: நம்மூருக்கு மட்டும் ஏன் ஒரு ஸ்டாண்ட்-அப்பும் வருவதில்லை?

நாம் கடைமடை, தம்பி. மேட்டூரில் திறந்த தண்ணீர் நமக்கு வந்து சேர்கிற லட்சணத்தில்தான் இதுவும் வரும். கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் ‘ஈவம்’ மேடைக் குழுவை ஆரம்பித்தது 2003-இல், சென்னையில். பிரவீன் குமார் பெங்களூரில். அரவிந்த் எஸ்.ஏ. ‘மதராசி டா’ என்று முழங்கி ஆண்டுகள் ஆகின்றன; ‘மாயவரத்தான் டா’ என்று முழங்க ஒருத்தன் வரவில்லை. அவர்கள் மேடை ஏசி, பாதி ஆங்கிலம், டிக்கெட் விலையில் நாலு பேர் மீன் சாப்பாடு சாப்பிடலாம். அந்த வகையில் விஜய் டிவி 2005-இல் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’ எவ்வளவோ மேல். மிமிக்ரி அதிகம், சேலை கட்டிய ஆண்கள் அதைவிட அதிகம், ஆனால் சின்ன ஊர்ப் பையனுக்கு அங்கே கதவு திறந்தது. சிவகார்த்திகேயன் அந்தக் கதவு வழியாக வந்தவர்.

அதற்காக நம்மிடம் இருந்ததே இல்லை என்று சொல்லிவிடாதே. இசை நாடகத்தில் பபூன் இல்லையா? தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இல்லையா? ராமன் காட்டுக்குப் போகிற சோகத்துக்கு நடுவே உள்ளே புகுந்து ஊர் ரோட்டுப் பள்ளத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். பூதத்தின் கோரிக்கை ஒன்றுதான்: சித்திரை முழுநிலவு இந்திர விழாவில், வரவேற்புரைகளில் ஒன்றை வெட்டிவிட்டு, ஓர் உள்ளூர்ப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் மைக் கொடுங்கள்.

வி., திருக்கடையூர்: கார்த்திக் குமாரின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சோகம் தெரிகிறதே?

‘யாரடி நீ மோகினி’யில் அவருக்கு நிச்சயம் செய்த நயன்தாரா தனுஷிடம் போய்விட்டார். உங்களுக்கென்றால் தெரியாதா?

பெயர் வேண்டாம், வேதாரண்யம்: மேடையில் பேச ஆசை. அம்மா பயப்படுகிறார். ஒரு ஜோக்குக்காக ஜெயிலில் போடுவார்களா?

போடுவார்கள், தம்பி. முனாவர் ஃபாருக்கியை 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் பிடித்தார்கள். உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது பிப்ரவரி 5 அன்று. 2025 மார்ச்சில் குணால் காம்ரா பேசியதற்காக மும்பை ‘ஹாபிடாட்’ அரங்கத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருப்பவர் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார்.

வடக்கே மட்டும்தான் இப்படி என்று நினைக்காதே. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் பற்றி ஒரு ஜோக் வந்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு நம் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டு ஜெயித்தார். நஷ்ட ஈடாகக் கிடைத்த 1,000 ரூபாயைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதே. உனக்கு மேலே உட்கார்ந்திருப்பவரைப் பேசு, உன்னையே பேசு; உனக்குக் கீழே மிதிபடுகிறவரை விட்டுவிடு. பேசுவதை முழுதாகப் பதிவு செய்து வை, வெட்டி ஒட்டிப் பரப்பினால் காட்ட அது வேண்டும். வக்கீல் ஒருவரோடு பழகி வை. முதல் ஐந்து நிமிடத்தை அம்மாவிடமே சொல்லிப் பார். அவர் சிரித்த இடத்தைக் குறித்துக்கொள், முகம் சுளித்த இடத்தையும்.

சி., வைத்தீஸ்வரன்கோயில்: ஒரே வரியில் ஒரு ஜோக் சொல்லுங்கள், பார்ப்போம்.

“கடைமடை வரைக்கும் தூர்வாரியாச்சு.”