துரைமார் வெட்டிய வால்கள்

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பில் வந்திறங்கினார். கூடவே படம் போட ஓவியர் சிட்னி பிரையர் ஹோல். காட்டுக்குப் போன இளவரசர் யானை ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, வழக்கப்படி வாலை வெட்டினார். திரும்பும் வழியில் அவருடைய வண்டி குடைசாய்ந்தது. யானையால் முடியாததை வண்டி செய்து பார்த்திருக்கிறது.

தந்தத்தை விட்டு வாலுக்கு ஏன் போனார் என்று கேட்கலாம். தந்தம் இருந்தால்தானே! இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் தேறாது என்று எழுதி வைத்தவர், 1845இல் இங்கே குடியேற்றச் செயலாளராக வந்த எமர்சன் டெனன்ட். கொலைக்கணக்கையும் அவரே தருகிறார்: 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல். செத்த யானைக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கமே காசு கொடுத்தது.

இதை அப்படியே படமாகப் போட்டால் கசாப்புக்கடை மாதிரி இருக்கும் அல்லவா? ஆகவே அந்தக் கால வேட்டை அச்சுப்படங்களுக்கு ஒரு சட்டம்: சண்டைக்கு முதலில் வருவது யானைதான். அது தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு பாயும். துரை தொப்பி கோணாமல் நிற்பார். வெள்ளவத்தைக் கல்யாண அல்பத்தில் வேர்த்து வழியும் மாப்பிள்ளையைக் கண்டவர் உண்டா? அதே கதைதான்.

லண்டன் பத்திரிகைகளில் இந்தப் படங்களைச் செய்த விதமும் வேடிக்கை. சின்னச் சின்ன மரக்கட்டைகளைப் பூட்டி ஒரே பலகையாக்கி, மேலே படம் வரைவார்கள். பிறகு கழற்றி, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்கக் கொடுப்பார்கள். ஒருவர் பங்குக்குத் தும்பிக்கை, இன்னொருவர் பங்குக்குத் துரையின் மீசை. யானையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எத்தனை கத்தி பட்டாலும், துரையின் மானத்தில் மட்டும் கீறல் விழாது.

யானை சுட்ட துரைமார் கூட்டத்தின் தலைமகன் மேஜர் ரோஜர்ஸ். பதுளையில் உத்தியோகம், சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்று பேச்சு. இத்தனைக்கும் தப்பிய மனுஷனை 1845இல், ஹப்புத்தளையில், மின்னல் ஒரே அடியில் முடித்தது. நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்பது ஊர்க்கதை.

அந்தச் சாவை யாராவது மரத்தில் செதுக்கியிருந்தால், ஒரு விஷயத்தில் பொய் சொல்லத் தேவையே வந்திராது: முதலில் கைநீட்டியது எதிராளிதான்.