மெத்தை வாங்கப் போறியா, பேராண்டி?

வாடா பேராண்டி. இன்னும் தாலிக்கயித்து மஞ்சள் மங்கலை, அதுக்குள்ள நீ இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நடக்குற. ஒம் பொண்டாட்டி கழுத்தைத் திருப்ப முடியாம ஆளே திரும்பிப் பார்க்குறா. ரெண்டு பேருக்கும் கைகலப்புன்னு தெருவுல முடிவே பண்ணிட்டாங்க. நாந்தான் சொன்னேன், "அடிச்சது மெத்தைப்பா"ன்னு.

சீர்ல வந்த மெத்தை. ஒம் மாமனாரு கடையில ஒத்தை விரலால அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தேன் இருக்கு"ன்னு வாங்கியாந்தாரு. ஒரு காளை புடிக்கணும்னா பல்லைப் பார்ப்போம், சுழியைப் பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். வருசக்கணக்கா முதுகைக் குடுத்துக் கிடக்கப் போற மெத்தைக்கு ஒத்தை விரலு!

கணக்கைப் பாரு. நீ 90 கிலோ. அந்தப் புள்ள 50 இருந்தா அதிசயம். நீ படுத்ததும் ஒம் பக்கம் பள்ளம் விழுது, ராத்திரி பூரா அவ உருண்டு உருண்டு ஒம் மேல வந்து விழுகுறா. நீ அதைப் பாசம்னு நெனைச்சுக்கிட்டுக் கிடக்குற, கூறுகெட்டவனே! அவ ஒருக்களிச்சுப் படுக்குறவ. தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சம் உள்ள அமுங்குனாத்தேன் முதுகுத்தண்டு நேரா நிக்கும், அதனால அவளுக்கு மெத்துன்னு வேணும். நீ மல்லாந்து கிடந்து குறட்டை விடுற கனத்த ஒடம்பு. ஒனக்குத் தாங்குற சரக்கு வேணும்.

கடைக்குப் போனா என்ன சொல்லுவாங்க தெரியுமா? "சார், இதுல ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் மெத்து. ரெண்டு பேருக்கும் ஆகும்." நீயும் தலையை ஆட்டுவ. அடேய், அது திருப்பிப் போட்டுப் படுக்குற மெத்தை. மேல கெட்டி, அடியில மெத்து. நீ மேல படுத்தா, அவ கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவுல புகுந்தா படுப்பா?

எங்க காலத்துல இம்புட்டுத் தொல்லை கெடையாது. போடி இலவம்பஞ்சுதேன். 1996-ல தேனி தனி ஜில்லாவாப் பிரியுறதுக்கு முந்தி போடியும் நம்ம மதுரை ஜில்லாதான். இலவு காத்த கிளி ஏமாந்துச்சு, நாங்க ஏமாறலை. காத்தோட்டமா இருக்கும், சூடு ஏறாது. ஆனா சோம்பேறிக்கு ஆகாது. போகப் போகப் பஞ்சு இறுகிக் கட்டிதட்டும். மொட்டைமாடியில வெயில் காட்டணும், கொஞ்ச வருசத்துல பிரிச்சு அடிச்சு மறுபடி தைக்கணும். ஒங்க அப்பத்தா மெத்தை தைக்க வந்தவர்கிட்ட, "எம் பக்கம் ஒரு கிலோ பஞ்சு கூட வைங்க"ன்னா. வச்சாரு. வழக்கு அன்னிக்கே முடிஞ்சு போச்சு.

இப்ப மெமரி ஃபோமுங்குறாங்க. 1960-கள்ல அமெரிக்காவுல நாசாக்காரங்க விமான இருக்கைக்காகச் செய்ய வச்சது. ஒடம்புச் சூட்டுல இளகி, ஆளோட அச்சுக்கு அமுங்கும். பக்கத்துல புரண்டா ஒனக்குத் தெரியாது, அது நெசம். ஆனா சூட்டையும் சேர்த்துப் புடிச்சு வச்சுக்கும். கொடைக்கானல்ல இருந்தா வாங்கு. அக்கினி நட்சத்திரத்துல 40 டிகிரி கொளுத்துற செக்கானூரணியில, கரண்டும் போயிருச்சுன்னா ரெண்டு பேரும் திண்ணைக்குத்தேன் வரணும். திண்ணையில நான் கெடக்கேன், எடமில்லை.

ஸ்பிரிங்குல ரெண்டு ரகம். ஒண்ணுல எல்லாத்தையும் கம்பியால கோத்திருப்பாங்க. நடுச்சாமத்துல நீ ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா அவ ஊஞ்சலாடுவா. இன்னொண்ணு பாக்கெட் ஸ்பிரிங்கு. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில இருக்கும். அங்கிட்டு ஆடுறது இங்கிட்டு அவ்வளவா வராது. தென்னைநாரு மெத்தை காத்தோட்டம், கெட்டி. ஒனக்குச் சரி, அவளுக்குப் பலகை.

"டென்சிட்டி 40, ரொம்பக் கெட்டி"ன்னு சொன்னா மண்டையை ஆட்டாத. ஒரு கனமீட்டர் ஃபோம் 40 கிலோ எடைங்கிறதுதேன் அதுக்கு அர்த்தம். நாள்பட உழைக்குமான்னு பார்க்க அது ஒதவும், கெட்டியா மெத்தான்னு அது சொல்லாது. அப்புறம், கல்லு மாதிரி படுத்தாத்தேன் இடுப்புவலி போகும்னு ஒங்க மாமன் சொல்லுவான். ஸ்பெயின்ல இடுப்புவலிக்காரங்க 313 பேரை ரெண்டு ரக மெத்தையில படுக்க வச்சுப் பார்த்தாங்க. 2003-ல லான்செட் பத்திரிகையில வந்துச்சு. 90 நாள் கழிச்சுப் பார்த்தா, ரொம்பக் கெட்டியானதுல படுத்தவங்களைவிட நடுத்தரக் கெட்டியில படுத்தவங்களுக்குத்தேன் வலி கொறைஞ்சிருந்துச்சு. ஒங்க மாமன் எந்தப் பத்திரிகையில எழுதுனான்?

எந் தீர்ப்பைக் கேளு. 72-க்கு 36 இஞ்சுல ரெண்டு மெத்தை வாங்கு. ஒனக்குக் கெட்டி, அவளுக்கு மெத்து. சேர்த்துப் போட்டா 72-க்கு 72, பெரிய கட்டிலுக்குக் கச்சிதம். கட்டிலோட உள்ளளவை மட்டும் முன்னாடியே அளந்துக்க. ஒசரம் ரெண்டும் ஒண்ணா இருக்கணும், இல்லாட்டி ராத்திரி படி ஏறி எறங்கணும். நடு இடுக்கு தெரியாம மேல மெல்லிசா ஒரு விரிப்பு மெத்தையைப் போட்டு, ஒரே போர்வையா மூடிரு. ஆத்தா வந்து பார்த்து, "என்னடா, தனித்தனியா?"ன்னு மூக்கைச் சிந்துனா, ஜெர்மனியில குடும்பம் நடத்துறவங்க பலபேரு இப்படித்தேன் படுக்குறாங்கன்னு சொல்லு. அங்கயும் புள்ளகுட்டி பெத்துக்கிட்டுத்தேன் இருக்காக.

எந்தக் கடை, என்ன துணின்னு முடிவு பண்ண வேண்டியது அந்தப் புள்ள. மொறைக்காத. நம்ம மதுரையில சொக்கநாதரே தெனம் ராத்திரி பல்லக்குல ஏறி மீனாட்சி சன்னதிப் பள்ளியறைக்குத்தேன் போறாரு. ஒனக்கென்ன பெரிய கௌரவம்?

கடைக்குச் சோடியாப் போங்க. செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க, கால் மணி நேரம் எந்திரிக்காதீங்க. வெக்கப்பட்டா இன்னும் பல வருசம் வலிதேன். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில கையை விட்டுப் பாரு. தடையில்லாம உள்ள போனா மெத்தை ரொம்பக் கெட்டி. கையே நுழையலைன்னா ரொம்பக் கொழகொழ. ஒரசிக்கிட்டுப் போனா எடு. அவ ஒருக்களிச்சுக் கெடக்குறப்ப பின்னாடி நின்னு முதுகுத்தண்டைப் பாரு, கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் நேரா இருக்கணும். அவளை மட்டும் பார்த்துக்கிட்டு நின்னுறாத, கடையில ஆளு இருக்கும்.

வாங்குனதும் பில்லையும் வாரண்டிச் சீட்டையும் அவ கையில குடுத்துரு. கறைபட்டா வாரண்டி செல்லாதுன்னு பல கம்பெனிக்காரன் பொடி எழுத்துல போட்டிருப்பான். இனிமேலாவது காப்பி டம்ளரோட கட்டில்ல ஏறாத.