ஒட்டுக்கேட்க யார் கையெழுத்து?

கே: மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்? (கரூர்)

ப: மகளுக்குப் பார்க்கும் வரன், தம்பி வாங்கிய கடன், டாக்டரிடம் சொன்ன வியாதி. இதில் எது குற்றம்? எதைத் தெருவில் நின்று சொல்வீர்கள்?

கே: அரசியலமைப்பில் அந்தரங்கம் என்ற சொல்லே இல்லையே? (தஞ்சாவூர்)

ப: சொல் இல்லை, உரிமை உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம் அதை 21-வது பிரிவோடு சேர்த்துவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அதை அடிப்படை உரிமை என்றார்கள்.

கே: குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டாமா? (கோவை)

ப: 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளைப் பார்த்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள். பிடிக்கத்தான் வேண்டும், அதற்காக ஒட்டுக்கேட்கவும் வேண்டியிருக்கும். என் கவலை கையெழுத்தைப் பற்றியது. மத்திய அரசில் உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அது சரியா என்று பார்க்கும் குழுவில் இருப்பவர்கள் கேபினட் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத்துறைச் செயலாளர். மூவருமே அரசு அதிகாரிகள், நீதிபதி ஒருவர்கூட இல்லை. ஓர் உத்தரவுக்கு 60 நாள். நீட்டித்தால் 180 நாள் வரை போகலாம். நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்தபோதாவது அதைச் சேர்த்திருக்க வேண்டும். ஆறு மாதம் ஒரு குடும்பத்தின் பேச்சைக் கேட்பதற்கு ஒரு நீதிபதியின் கையெழுத்து அதிகமா?

கே: லஞ்சம் வாங்குபவனின் போனைக் கேட்டால் என்ன தப்பு? (விழுப்புரம்)

ப: லஞ்சம் எனக்கும் கொதிப்புதான். ஆனால் ஒட்டுக்கேட்கச் சட்டம் சொல்லும் காரணம் பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு. ஒரு லஞ்ச வழக்கு விசாரணைக்காக 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவு இந்த இரண்டிலும் அடங்காது என்று, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு.

கே: 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றாதா? (நாகர்கோவில்)

ப: கம்பெனிகளிடமிருந்து ஓரளவு. தன் அமைப்புகளுக்கு மத்திய அரசு ஓர் அறிவிக்கையிலேயே விலக்கு தரலாம்.

கே: என் போனைக் கேட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மதுரை)

ப: வழக்கு என்று வந்து கோர்ட்டில் பதிவை நீட்டினால்தான் தெரியும். ஜெர்மனியில் ஒட்டுக்கேட்பு முடிந்தபின் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சட்டமே சொல்கிறது. இங்கே அப்படி ஒரு கடமை இல்லை. தேவை முடிந்த பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட மட்டும் விதி இருக்கிறது.