மோட்டார்சைக்கிள் பட்டதாரி

எய்யா, டெக்சாசுக்கு இன்ஜினியரிங் படிக்கப் போறியாமே? லாங்வியூ ஊரு, லெட்டூர்னோ யுனிவர்சிட்டியாம்லா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு உங்கப்பன் கோயில் வாசல்ல நின்னு ஒருத்தரை விடாம சொல்லிக்கிட்டு இருந்தான். கதவைப் பூட்டணும்னு கோயில்குட்டியார் சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு நின்னாரு. அவருக்கும் ஒரு தரம் சொன்னான்.

நல்லது, போயிட்டு வா. ஆனா நேத்து வந்து 'இண்டஸ்ட்ரி எக்ஸ்போஷர், ஹேண்ட்ஸ்-ஆன், கோ-ஆப்'னு அடுக்குனியே, சிரிப்பை அடக்கிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். படிக்கிறவன் நடுவுல வேலைக்கும் போவான். அம்புட்டுத்தானல? அதுக்கு எதுக்கு இந்த ஆலாபனை?

போற எடத்தை உண்டாக்குன மனுசன் யாருன்னு விசாரிச்சியா? விசாரிச்சிருக்க மாட்ட. ரேங்க் எத்தனை, பிளேஸ்மென்ட் எத்தனை, ஹாஸ்டல்ல சோறு கிடைக்குமா, இதைத்தான் பாத்திருப்ப. சொல்லுதேன், உக்காரு.

ஆர்.ஜி. லெட்டூர்னோன்னு பேரு. 1888-ல வெர்மான்ட்ல பொறந்தவரு. 14 வயசுல பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. அதுக்குப் பெறவு போர்ட்லாந்துல ஃபவுண்டரி வேலை. தபால்ல மெக்கானிக் பாடம் வரவழைச்சாரு. புத்தகத்தைப் படிச்சாரே தவிர, எழுதி அனுப்பச் சொன்ன வீட்டுப்பாடத்தை அனுப்பவே இல்லை. அதுக்குப் பதிலா ஒரு மோட்டார்சைக்கிளை வாங்கி, ஒரே நாள்ல நட்டு நட்டாக் கழட்டி மறுபடியும் மாட்டுனாரு. வண்டி ஓடிச்சு. 'பேச்சிலர் ஆஃப் மோட்டார்சைக்கிள்ஸ்'னு தனக்குத்தானே கேலியா ஒரு பட்டமும் கொடுத்துக்கிட்டாரு. அதுதான் அவரு வாங்குன டிகிரி.

இந்த ஆளை இன்னைக்கு உங்க காலேஜுகள்ல லேப் அட்டெண்டரா எடுப்பாவளா? தகுதி பத்தாதுன்னு கேட்டுலயே திருப்பிருவாவ. ஆனா அவரு பேருல பேட்டன்ட் மட்டும் முந்நூறுக்குக் கிட்ட இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல ரோடு போடவும் விமானத்தளம் நிரவவும் நேசநாட்டுப் படைங்க கொண்டுபோன மண்வாரி இயந்திரங்கள்ல பெரும்பங்கு இவரு கம்பெனியில செஞ்சது.

போர் முடிஞ்சுது. லாங்வியூல ராணுவ ஆஸ்பத்திரி ஒண்ணு சும்மா கிடந்துச்சு, எல்லாம் மரக் கட்டடம். லெட்டூர்னோ வீட்டம்மா எவலினுக்கு அதும்மேல கண்ணு. பட்டாளத்துல இருந்து திரும்புற பையங்களுக்கு இங்க ஒரு படிப்பு வச்சா என்னன்னு கேட்டாவ. பேருக்கு ஒரு டாலர் விலை. அவசரம்னா பத்து வருசத்துக்குள்ள சர்க்கார் திருப்பி எடுத்துக்கிடலாம்னு ஒரு நிபந்தனை. 1946-ல காலேஜு தொடங்கியாச்சு.

இப்ப நீ கேட்க வேண்டிய விசயம். பாதிப் பேரு இன்னைக்கு வகுப்புல இருப்பான், மீதிப் பேரு பக்கத்துல இருந்த லெட்டூர்னோ ஃபேக்டரில நிப்பான். நாளைக்கு மாறிக்கிடணும். ஃபேக்டரில பாத்த வேலையே லேப் கணக்கு. தனியா லேப் எதுக்கு? அந்த ஃபேக்டரியை விடப் பெரிய லேப் எங்க இருக்கு?

இதுல என்ன பிரயோசனம்னு கேக்கியா? திங்கக்கிழமை வாத்தியார் போர்டுல எழுதுவாரு, சூடான இரும்பு விரியும், ஆறுனா சுருங்கும்னு. நீ தலையாட்டுவ. அது ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியும்லா. செவ்வாய்க்கிழமை ரெண்டு தகட்டை மூலைமட்டம் வச்சுச் செங்குத்தா நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் ஓட்டு. கண்ணாடியைக் கழட்டிப் பாத்தா ரொம்ப அழகா இருக்கும். அப்பிடியே ஆற விடு. மறுபடியும் மூலைமட்டம் வச்சா ஒரு ஓரத்துல வெளிச்சம் தெரியும். சுருங்குன பக்கமா தகடு சாஞ்சிருச்சுல்லா! சுத்தியலை எடுத்து அடிச்சாலும் வராது. பழைய வெல்டர் என்ன செய்வான்? முதல்ல அங்கங்க சின்னப் புள்ளியா டேக் வெல்டிங் போடுவான். எம்புட்டு இழுக்கும்னு அவன் கைக்குத் தெரியும். அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சு வச்சு ஓட்டுவான். ஆறுனதும் தகடு தானா நிமிந்து நிக்கும். புதன்கிழமை வகுப்புக்கு வந்தா, அந்த வாத்தியார் சொன்ன ஒத்தை வரிக்கு உன் முகத்துல ஒரு களை வரும் பாரு. பனை ஏறக் கத்துக்கிடணும்னு சொல்லிப்புட்டு பனைக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்தா ஆகுமா?

நீ கொஞ்சம் வெவரமான பயலா இருந்தா இந்நேரம் ஒண்ணு கேட்டிருக்கணும். காலேஜும் அவருது, ஃபேக்டரியும் அவருது, வேலை பாக்குறது பையங்க. அப்ப லாபம் யாருக்கு தாத்தான்னு கேட்டியா? கேக்கலை. சரி, நானே சொல்லுதேன். அவருக்கும் லாபந்தான். கைக்கு ஆளு கிடைச்சுதுல்லா. ஆனா பையனுக்கும் செலவுக்கு வழி பிறந்துச்சு, தொழிலும் கைக்கு வந்துச்சு. பாடத்துக்காக மெஷினை ஓட்டி நிறுத்துனா, தப்புக்கு வாத்தியார் ரெண்டு மார்க் குறைப்பாரு. காசு கொடுத்து வாங்குறவன் மெஷின்ல போல்ட்டைத் தளர விட்டா, மெஷின் திரும்பி வரும், ஃபோர்மேனும் வருவாரு. எதுல புத்தி சீக்கிரம் வரும்?

லெட்டூர்னோ இதைப் புதுசாக் கண்டுபிடிச்சாருன்னும் நினைச்சிராத. 1906-லயே சின்சினாட்டி யுனிவர்சிட்டில ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு பேராசிரியர் 27 பையங்களை வச்சுத் தொடங்குனாரு. அந்த யுனிவர்சிட்டி நிர்வாகத்துப் பெரியவங்க என்ன எழுதிக் கொடுத்தாவ தெரியுமா? ஒரு வருசம் செஞ்சு பாரும், கெட்டுப்போனா எங்களைக் கேக்கப்படாதுங்கிற தோரணைல தீர்மானம் போட்டாவ. நம்ம சேகரக் கமிட்டி தோத்துச்சு போ! இன்னைக்கு அமெரிக்கா முழுக்க கோ-ஆப். அது நல்லா ஓடுனதும், நாங்க அப்பவே சொன்னோம்லான்னு அந்தப் பெரியவங்களும் சொல்லியிருப்பாவ.

நம்ம பக்கம் மட்டும் என்ன? நாசரேத்துல மர்காஷிஸ் ஐயர் கைத்தொழில் பள்ளி தொடங்கி நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. கர்த்தர் தச்சுவேலை செஞ்சாரு, பவுலு கூடாரம் தச்சாருன்னு அசனப் பண்டிகைக்கு அசனப் பண்டிகை பிரசங்கம் கேக்கோம். கேட்டு முடிச்சு வீட்டுக்குப் போயி, எம்பிள்ளை கையில கிரீஸ் படாத வேலையாப் பாத்துக் கொடும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணுதோம்.

உன் சித்தப்பன் மவன் இன்பிளான்ட் டிரெய்னிங் போன கதை தெரியும்லா? பஸ்ல போனாங்க. மஞ்ச ஹெல்மெட்டை மாட்டி கேட்டு முன்னால போட்டோ. ஒரு பெல்ட் ஓடுறதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தாங்க. கேன்டீன்ல சாம்பார் சாதம் நல்லா இருந்துச்சாம். சாயங்காலம் சர்டிபிகேட்டு வந்துருச்சு. ராத்திரி லிங்க்ட்இன்ல 'பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்'னு ஒரு அறிக்கை. எதை அறிவிக்க? சாம்பாரையா?

கிறிஸ்தவ யுனிவர்சிட்டிங்கிறதால உங்கம்மாவுக்கு மனசு நிறைஞ்சிருக்கு. இருக்கட்டும். அங்க சாப்பலுக்குப் போயாகணும், கால்குலஸ், ஸ்டாடிக்ஸ், தெர்மோடைனமிக்ஸோட வேதபாடமும் படிச்சாகணும். இங்க பின் பெஞ்சுல தூங்குன கணக்கு அங்க செல்லாது. ஆனா ஒண்ணு. லேப் சுவத்துல வசனம் எழுதியிருந்தாலும் போல்ட்டை நீதான் முறுக்கணும். டார்க் ரெஞ்ச் விசுவாசியா அவிசுவாசியான்னு பாத்து அளவு காட்டாது. லெட்டூர்னோவுக்கு இது நல்லாத் தெரியும். விசுவாசத்துலயும் அவரு குறைச்சல் இல்லை, வருமானத்துல பத்துல ஒம்பது பங்கை ஊழியத்துக்குக் கொடுத்துட்டு ஒத்தைப் பங்குல வாழ்ந்தாரு. அந்த ஒத்தைப் பங்கே நம்ம சேகரத்தை விலை பேசுற அளவு இருந்திருக்கும், அது வேற கதை. நம்மகிட்ட தசமபாகம் வாங்கவே கோயில்குட்டியார் மூணு நடை நடக்காரு.

இனி காரியத்துக்கு வா. ஒரு நாள் வகுப்பு, ஒரு நாள் ஃபேக்டரிங்கிற பழைய ஏற்பாடு அங்க இப்ப இல்லை. அமெரிக்காவுல இப்ப கோ-ஆப்னா ஒரு செமஸ்டர் முழுக்கச் சம்பளத்துக்கு வேலை, பெறவு திரும்ப வகுப்பு. அதனால நாலு வருசப் படிப்பு அஞ்சுக்கு இழுக்கலாம். உங்கப்பன் ஒரு வருசம் வீணாப் போகுதேன்னு பதறுவான். வேலை தெரியாம பட்டத்தோட வந்து வீட்டுல உக்காருறதுக்கு எத்தனை வருசம் வீணாகும்னு அவனைக் கணக்குப் போடச் சொல்லு.

நீ வெளிநாட்டுப் பிள்ளை, நினைச்ச உடனே வேலைக்குப் போக முடியாது. ஒரு முழுக் கல்வியாண்டு படிச்ச பெறவுதான் படிப்புக்கு நடுவுல வேலை பாக்க விடுற சி.பி.டி. அனுமதி. வேலை உன் படிப்போட சம்பந்தப்பட்டதா இருக்கணும், காலேஜு அதிகாரி உன் விசாவுக்கான ஐ-20 தாள்ல பதிஞ்சு கொடுக்கணும். முழுநேர வேலையா 12 மாசம் செஞ்சுட்டேன்னா, அந்தப் பட்டத்துக்குப் பெறவு கிடைக்கிற ஓ.பி.டி.ங்கிற வேலை அனுமதி கையை விட்டுப் போயிரும். சம்பள ஆசைல மாசத்தை எண்ணாம இருந்துராத. இந்த வெவரத்தை உன் ஏஜென்டு சொன்னானா? அவன் ஃபீஸைச் சொல்லியிருப்பான்.

முதல் நாள் வேலைக்குப் போறப்ப, கழுத்துல டேக் மாட்டி விடுற ஹெச்.ஆர். அம்மாவுக்கு ஒரு குட்மார்னிங் சொல்லிட்டு நேரா ஷாப் ஃப்ளோருக்கு நட. அங்க இருக்கிறவங்கள்ல வயசான வெல்டர் யாருன்னு கேளு. அவருகிட்டப் போயி, நான் என்ன எடுத்துக் கொடுக்கணும்னு கேட்டு நில்லு. போனை மட்டும் பையில இருந்து எடுத்துராதல.